தட்டு மாற்றிய சனிக்கிழமை

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமைகளில் ரயில்வே ஆபீஸில் அரை நாள்தான் வேலை. கார்த்திகேசு மதியம் வீடு திரும்பியபோது வாசல் கோலம் பலருடைய கால் பட்டு அழிந்திருந்தது. கூடத்தில் பாய்கள் விரித்தபடியே கிடந்தன. சந்தன வாசனை சமையல்கட்டு வரைக்கும் போயிருந்தது. நல்லம்மாள் பட்டுச் சேலையைக்கூட மாற்றாமல் கணவருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

“பொண்ணு பாக்க நாலு பேர் வராங்கன்னுதானே சொன்னே? கல்யாணமே நடந்து முடிஞ்ச மாதிரி இருக்கே வீடு!”

“பாதிக் கல்யாணம் முடிஞ்சிருச்சுன்னு வச்சுக்கங்களேன்” என்று அவள் சிரித்தாள். “அவங்களுக்கு நம்ம புள்ளைய ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இன்னிக்கு நல்ல முகூர்த்தம், விட்டா ஆடி பொறந்துடும், கையோட முடிச்சுடலாம்னு மாப்பிள்ளையோட அம்மா சொன்னாங்க. தட்டு மாத்திட்டோம்.”

“யாரு மாத்தினது?”

“எங்க அண்ணன்தான். தகப்பன் இல்லாத நேரத்துல தாய்மாமன் மாத்தலாம்தானே?”

சட்டைப் பொத்தானைக் கழற்றப் போன கார்த்திகேசுவின் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் மெதுவாகப் பாயில் உட்கார்ந்தார்.

நல்ல சேதி கேட்ட மனிதர் ஏன் இப்படி இடிந்துபோய் உட்காருகிறார் என்று புதிதாகப் படிக்க வருகிறவர்கள் கேட்கலாம். அவர்களுக்காக நாலு வார்த்தை. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் கார்த்திகேசுவைத் தெரியாத தமிழன் கிடையாது. ஆபீஸில் அவர் பேனா பிடிக்கும் சாதாரணக் கிராணிதான். ஆனால் கிரிக்கெட் மட்டையைப் பிடித்தால் வெள்ளைக்காரத் துவான்மார்களும் எழுந்து நின்று பார்ப்பார்கள். மலாயா அணியில் ஒரே இந்தியராகக் கப்பலேறி ஹாங்காங் போனவர் அவர். கப்பலில் அவருக்கு மட்டும் தனி மேசை போட்டுச் சாப்பாடு கொடுத்தார்கள். மைதானத்தில் அவர் நாள் பூராவும் நின்று ஆடி அந்த ஆட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார். திரும்பி வரும்போது கப்பல்காரர்கள் அவரைப் பெரிய மேசைக்குக் கூப்பிட்டார்களாம். அவர் போகவில்லை.

முழங்கால் கெட்டுப்போய் ஆட்டம் நின்ற பிறகு இந்தியர் விளையாட்டுச் சங்கத்துக்குச் செயலாளரானார். மைதானத்துக்காகக் கெஞ்சுவது, ஆடுகளத்தில் கயிற்றுப் பாய் விரிக்க ஆள் பிடிப்பது, அம்பயர்களுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்வது எல்லாம் அவர் தலையில்தான். வெள்ளைக்காரத் தேர்வாளர்களின் படியேறி ஏறி, வெளிநாடு போகும் அணியில் ஓர் இடத்துக்கு இந்தியர் சங்கமே பெயர் கொடுக்கலாம் என்ற உரிமையை அவர் வாங்கியிருந்தார். இந்த முறை ஹாங்காங் போகும் அணியில் அந்த ஓர் இடத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கத்தான் இன்று பிற்பகல் கமிட்டி கூடுகிறது.

கிள்ளான் மளிகைக்கடை நாகையாவின் மகன் ராதாகிருஷ்ணனா, செந்தூல் வாசுவா? கமிட்டியில் ஐந்து பேர். இரண்டு பேர் அந்தப் பக்கம், இரண்டு பேர் இந்தப் பக்கம் என்பது ஊரறிந்த சங்கதி. ஐந்தாவது கை கார்த்திகேசுவின் கை. ராதாகிருஷ்ணன் தன்னைவிடவும் நன்றாக ஆடுகிறான் என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டதும் இல்லை.

அந்த ராதாகிருஷ்ணன்தான் இன்று காலை அவர் மகள் சீதாலெட்சுமியைப் பார்க்க வந்த மாப்பிள்ளை.

“கமிட்டி முடியட்டும், பொண்ணு பாக்கிறதை அடுத்த வாரம் வச்சுக்கலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே நல்லம்மா.”

“பாத்தா தப்பில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“பாத்தா தப்பில்லை. ஒரு பொண்ணை ஒம்பது வீட்டுல வந்து பாப்பாங்க. தட்டு மாத்தினா உறவு. நாகையா எனக்குச் சம்பந்தி. சொந்தக்காரன் பேரு வந்தா எழுந்து வெளிய போகணும்னு கமிட்டியில சட்டம் போட்டதே நான்தான். தலைவர் வைத்தியலிங்கம் தன் மச்சானுக்குக் கை தூக்கினப்போ, மேசையைத் தட்டிச் சண்டை போட்டு அந்தச் சட்டத்தை வாங்கினேன்.”

நல்லம்மாளின் முகத்தில் சிரிப்பு வடிந்துபோயிற்று. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பையன் ஹாங்காங் போய்ப் பெயரெடுத்துத் திரும்பினால் பெரிய பெரிய வீடுகளிலிருந்து பெண் கொடுக்க வருவார்கள், கிராணி வீட்டுப் பெண்ணை யார் நினைத்துப் பார்ப்பார்கள் என்ற பயம் அவளுக்கு. நாகையாவுக்கு வேறொரு கணக்கு. சம்பந்தியாகிவிட்டால் செயலாளரின் கை தானாக உயரும் என்று அவர் நினைத்தார். கடைத்தெருவில் அப்படித்தானே நடக்கிறது? உறவுக்காரனுக்குச் செய்யாதவனை அங்கே யார் மதிக்கிறார்கள்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

“இப்ப யாருக்குத் தெரியும்?” என்றாள் நல்லம்மாள், குரலைத் தாழ்த்தி. “நம்ம வீட்டு ஆளுங்க, அவங்க வீட்டு ஆளுங்க. சாயங்காலம் வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்தா முடிஞ்சுபோச்சு. நீங்க என்ன கெட்டவனுக்கா கை தூக்கப் போறீங்க? நல்லா ஆடுறான்னு நீங்களே சொன்ன பையனுக்குத்தானே?”

அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

சீதாலெட்சுமி சாப்பாடு எடுத்து வைத்தாள். காலையில் வைத்த பூ இன்னும் தலையில் இருந்தது. அப்பாவின் இலையில் ரசத்தை ஊற்றும்போது அவள் முகத்தில் இருந்த பூரிப்பை அவர் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

“அப்பா, உங்களுக்கு இஷ்டம்தானே?”

“நல்ல பையன்மா” என்றார். அதற்கு மேல் சோறு இறங்கவில்லை.

தாவூத் ராவுத்தரின் ஜவுளிக்கடை மாடியில்தான் கமிட்டி கூடும். கார்த்திகேசு படியேறும்போது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் வக்கீல் வைத்தியலிங்கம் குரலை உயர்த்திப் பேசவேண்டியிருந்தது.

“ரெண்டே பேரு. கிள்ளான் ராதாகிருஷ்ணன், செந்தூல் வாசு. திங்கக்கிழமை காலைல பேரு துவான்கிட்டப் போகணும். பேசுறவங்க பேசலாம்.”

கார்த்திகேசு எழுந்தார். நாற்காலி பின்னால் சரிந்தது.

“என்ன செக்ரட்டரி? உடம்பு சரியில்லையா?” என்றார் தாவூத்.

“நான் இருக்கக்கூடாது. ராதாகிருஷ்ணன் எனக்கு மருமகனா வரப்போறான். இன்னிக்குக் காலைலதான் தட்டு மாத்தினோம்.”

வைத்தியலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசுவின் பக்கம் இருந்த அவருக்குள் சந்தோஷம் இருந்திருக்கலாம். இருந்தாலும் முகத்தில் காட்டவில்லை. அந்த மட்டில் அவர் பெரிய மனிதர்தான்.

தாவூத் மட்டும் படிக்கட்டு வரை பின்னாலேயே ஓடி வந்தார். ராதாகிருஷ்ணனுக்குக் கை தூக்க இருந்த இரண்டு பேரில் அவர் ஒருவர்.

“அண்ணே, நில்லுங்கண்ணே. கல்யாணமா ஆயிடுச்சு? வெத்தலை பாக்குதானே? வந்து உக்காருங்க. நீங்க எந்திரிச்சா ரெண்டுக்கு ரெண்டு. சமமா வந்தா தலைவருக்கு இன்னொரு கை உண்டு. நம்ம பையனுக்கு இடம் போயிடும்.”

“வெத்தலை பாக்குதான் தாவூத். ஆனா எங்கள்ல அதை வாங்கிட்டுத் திருப்பிக் குடுத்தா, அந்தப் பொண்ணுகிட்ட என்ன குறையோன்னு ஊரு பேசும். இன்னொருத்தன் வந்து கேக்கவே யோசிப்பான். அவ்வளவு கனமான ஒண்ணை வாங்கி வச்சுக்கிட்டு, உறவு இல்லேன்னு நான் எப்படி அங்க உக்காருவேன்?”

“நல்ல ஆட்டக்காரனை விட்டுட்டுப் போறோமேண்ணே!”

“எனக்கு மட்டும் வயிறு எரியலையா?”

கீழே கடையில் துணிக்கட்டுகளுக்கு நடுவே கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மேலே நடப்பது மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. தான் செய்தது சரி என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. சரியானதைச் செய்துவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அவருக்கு லேசாகவில்லை. எழுந்து மேலே ஓடி, “அவனையே அனுப்புங்கள்” என்று கத்தவேண்டும்போல இருந்தது.

வைத்தியலிங்கம் குடையை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்தார். “வாசு” என்றார். “ரெண்டுக்கு ரெண்டு வந்துச்சு. நான் வாசுவுக்குக் குடுத்தேன். அவன் நிதானமான பையன், கார்த்திகேசு. என் மனசுக்குப் பட்டதைத்தான் செஞ்சேன்.”

“தெரியும் சார்.”

நாகையா அன்று கிள்ளானுக்குத் திரும்பவில்லை. நல்ல சேதியோடு போகலாம் என்று பக்கத்துத் தெருவில் மைத்துனர் வீட்டில் மகனோடு உட்கார்ந்திருந்தார். சேதி அவர் காதுக்கு வந்ததும் முதலில் ஓடியது வக்கீல் வைத்தியலிங்கம் வீட்டுக்கு. அங்கிருந்து நேரே கார்த்திகேசு வீட்டுக்கு வந்தார். நல்லம்மாள் அப்போதுதான் சாமி விளக்கை ஏற்றியிருந்தாள்.

செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். “காலைல சம்பந்தி, சாயங்காலம் பகையாளியா? என் பையனை நீங்களே வெட்டி விட்டுட்டீங்களே! எந்த ஊர்லயாவது பொண்ணு குடுத்தவன் இப்படிச் செய்வானா?”

“உக்காருங்க. காப்பி சாப்பிடுங்க.”

“காப்பியா இப்ப முக்கியம்?”

அவருக்குப் பின்னால் ராதாகிருஷ்ணன் நின்றான். நனைந்த சட்டை தோளில் ஒட்டியிருந்தது. மைதானத்தில் கார்த்திகேசுவை எப்போதும் “சார்” என்று கூப்பிடுகிறவன், இன்று கூச்சத்தோடு “வணக்கம் மாமா” என்றான்.

நாகையாவைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தலையில் சுமை தூக்கிப் பிழைப்பைத் தொடங்கிக் கடை வைத்த மனிதர். தன் பிள்ளை வெள்ளைக்காரர்களோடு சரிசமமாக மைதானத்தில் இறங்குவதைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை அவருக்குப் பசி மாதிரி. அந்த ஆசையில் அவர் ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார்.

“வக்கீலைப் பாத்தேன். உறவே இல்லேன்னா செயலாளர் எழுந்து போனது செல்லாது, திங்கக்கிழமை காலைல பேரு போறதுக்கு முன்னாடி மறுபடி கூடலாம்னு சொல்றாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். தட்டு மாத்தலை, சும்மா பாத்துட்டுப் போனோம்னு.”

“அது பொய்யாச்சே.”

“சரி, பொய் வேணாம். உண்மையாவே தட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க. பையன் ஹாங்காங் போயிட்டு வரட்டும். வந்ததும் நாங்களே மேளதாளத்தோட வந்து மறுபடி மாத்துறோம். நமக்குள்ளதானே? யாருக்கு என்ன நஷ்டம்?”

கார்த்திகேசு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நாகையா, நான் சொல்றதைக் கோபப்படாம கேளுங்க. திருப்பிக் குடுத்தா திருப்பிக் குடுத்ததுதான். வக்கீல்கிட்டயும் நடந்ததை நடந்தபடிதான் சொல்வேன். காலைல மாத்தினோம், சாயங்காலம் திரும்பிப் போச்சு, இனிமே உறவு இல்லேன்னு. அப்படிச் சொல்லிட்டு, நாலு மாசம் கழிச்சு அதே தட்டை வாங்கினா நான் திருடன். மறுபடி வாங்க மாட்டேன்.”

“அப்ப?”

“அப்ப, கப்பலா, கல்யாணமான்னு உங்க வீட்டுல முடிவு பண்ணிக்கணும்.”

நல்லம்மாள் “ஐயோ” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நாகையா மகனைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள்.

இருபத்திரண்டு வயதுப் பையன். விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கப்பலைக் கனவு கண்டவன். காலையில்தான் ஒரு பெண்ணின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, இவள்தான் என்று சொல்லியிருக்கிறான். இரண்டும் அவனுக்கு வேண்டும். வாயைத் திறந்தான், மூடினான். அப்பாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அந்தச் சின்ன நேரத்தில் அவன் “கல்யாணம்” என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். அவன் யோசித்தான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

அறை வாசலில் நின்ற சீதாலெட்சுமி அதைப் பார்த்துவிட்டாள்.

அவள் உள்ளே போனாள். காலையில் வந்த தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அரக்குச் சேலை, வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. தலையில் இருந்த பூவையும் எடுத்து அதில் வைத்தாள்.

“என்னடி பண்றே?” என்று நல்லம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

“விடும்மா.” சீதாலெட்சுமி ராதாகிருஷ்ணனைப் பார்த்துத்தான் பேசினாள். பெண் பார்க்க வந்தபோதுகூட அவள் அவனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. “நீங்க யோசிக்க வேணாம். கப்பலுக்குப் போங்க.”

“அப்படி இல்லைங்க, நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே...”

“இன்னிக்கு எனக்காக இருந்துடுவீங்க. நாளைக்கு வாசு அங்க ஆடுறது பேப்பர்ல வரும்போது என் முகத்தைப் பாப்பீங்க. காலம் பூரா அந்தப் பார்வைக்கு நான் சோறு போடணுமா? என்னால முடியாது.”

கார்த்திகேசு எழுந்தார். “சீதா, ஊரு என்ன பேசும்னு உனக்குத் தெரியாதும்மா.”

“தெரியும்பா. தெரிஞ்சுதான் குடுக்கிறேன்.”

நாகையாவுக்கே அந்தத் தட்டை வாங்கக் கை வரவில்லை. கேட்டது கிடைத்துவிட்ட பிறகு மனிதருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “அவசரப்படாதேம்மா, நான் ஒரு பேச்சுக்குத்தான்...” என்று ஏதோ முனகினார்.

ராதாகிருஷ்ணன் இரண்டு கைகளையும் நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டான்.

வாங்கும்போது அவன் கண் கலங்கியிருந்தது உண்மை. வாங்கினான் என்பதும் உண்மை. நீங்கள் அவனைத் திட்டலாம், நான் தடுக்கமாட்டேன். அவன் வயதில் அந்தக் கப்பல் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது, அந்தக் கூடத்தில் கார்த்திகேசு ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

படியிறங்கியவன் மழையில் நின்று கார்த்திகேசுவைத் திரும்பிப் பார்த்தான். “திங்கக்கிழமைக்கு முன்னாடி உங்களைத் தனியா ஒரு தடவை பாக்கணும்” என்றான். கொஞ்சம் நிறுத்தி, “வரேன் சார்” என்று சொல்லிவிட்டு நடந்தான்.

சீதாலெட்சுமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடவில்லை. அழுகைச் சத்தமும் வரவில்லை. நல்லம்மாள் கூடத்துப் பாய்களை ஒவ்வொன்றாகச் சுருட்டினாள். தான் அவசரப்பட்டதால் வந்த வினை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கணவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

கடைசிப் பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்துவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

“உறவுதான் இல்லேன்னு ஆயிடுச்சே. திங்கக்கிழமை மறுபடி கூட்டினா நீங்க உள்ள உக்காருவீங்க. என் பொண்ணை இப்படி நிறுத்திட்டுப் போனானே, அவனுக்கா கை தூக்குவீங்க?”

கார்த்திகேசு வாயைத் திறந்தார். காலையில் கேட்டிருந்தால் மூச்சு விடுவதற்குள் பதில் வந்திருக்கும். இப்போது வரவில்லை.

“அவருக்குத்தான்மா” என்றாள் சீதாலெட்சுமி, கதவுக்கு உள்ளேயிருந்து. “அவருதானே நல்லா ஆடுறாரு. அப்பா வேற யாருக்குத் தூக்குவாங்க?”

அவள் குரல் நடுங்கவே இல்லை. அதைத்தான் அந்தத் தகப்பனால் தாங்க முடியவில்லை. மனைவி பார்த்துக்கொண்டு நிற்கிறாளே என்றுகூட நினைக்காமல், தோள் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கார்த்திகேசு அழுதார்.